ஆரியுஸ் நம்ம ஆளு இல்லப்பா

"நிசேயாவுல பிஷப்புங்க கூடி ஈசா நபியை, அதாவது இயேசுவை, கடவுளாக்கிட்டாங்க, ஆரியுஸ்னு ஒரு பாதிரியார் மட்டும் நம்மள மாதிரி தவ்ஹீத், கடவுள் ஒருத்தர் தான்னு, பேசுனாரு." காரைக்குடில ஜும்ஆ முடிஞ்சு டீக்கடைல நின்னா இது அடிக்கடி காதுல விழும். தேவகோட்டை கூட்டாளி, ஆர்சி கிறிஸ்தவன், கூட இருந்தான்னா அன்னைக்கு டீ ஆறிப்போறது நிச்சயம்.

நம்ம ஆலிம்கள் இதப்பத்தி நெறய எழுதிருக்காங்க. ரஹ்மத்துல்லாஹ் கைரானவி 1854ல ஆக்ராவுல பாதிரியார் ஃபான்டர் கூட விவாதம் பண்ணப்ப ஐரோப்பாக்காரங்களோட பைபிள் ஆராய்ச்சியவே எடுத்து நீட்டுனாரு, செம ஐடியா. எகிப்து அபூ ஸஹ்ரா 325ல நிசேயா, 381ல கான்ஸ்டான்டிநோபிள்னு ஒவ்வொரு கவுன்சிலா (பிஷப்புங்க மாநாடு) எடுத்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கிற திரித்துவக் கொள்கை படிப்படியா உருவாச்சுன்னு வாதாடுனாரு. அது சரியான ரூட்டு தான்.

ஆனா ஆரியுஸைத் தூக்கிட்டு வர்றதுல தான் எனக்கு உடன்பாடு இல்ல. குமாரன், அதாவது ஈசா, படைக்கப்பட்டவர்னு அவர் சொன்னாரு, வாஸ்தவம், ஆனா அதே குமாரன் வழியாத்தான் உலகமே படைக்கப்பட்டுச்சுன்னும் சொன்னாரே, அத எந்த ஹஸ்ரத் ஒத்துக்குவாரு? அப்புறம் பைபிள் புத்தகங்கள நிசேயாவுல பொறுக்கி எடுத்தாங்கன்னு ஒரு கதை, அங்க அந்த முடிவே எடுக்கல. புதிய ஏற்பாட்டோட 27 நூலும் அப்படியே இருக்குற லிஸ்ட் நமக்குக் கிடைக்கிறதே 367ல அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ் எழுதுன கடிதத்துல தான்.

முதல் நூற்றாண்டு சீடர் பர்னபா எழுதுனதா சொல்லிக்கிற பர்னபா சுவிசேஷம் இன்னும் மோசம். ரஷீத் ரிளா 1908ல அத அரபில பதிப்பிச்சதும் நம்மாளுங்க கொண்டாடிட்டாங்க, ஆனா அதுல யூபிலிங்கிற புனித வருஷம் நூறு வருஷத்துக்கு ஒருக்கான்னு வருது. தவ்ராத்ல (மோசேயோட வேதம்) அது 50. நூறுன்னு வச்சது 1300ல போப் எட்டாம் போனிஃபாஸ்! முதல் நூற்றாண்டு சீடருக்கு அது எப்படிங்க தெரியும்?

என்னைக் கேட்டா வலுவான பாயிண்ட் துருக்கி முஸ்தஃபா அக்யோல் 2017ல எழுதுனது தான். ஈசாவை ஆரம்பத்துல நம்புன யூதர்கள், அதாவது யாக்கோபு தலைமைல இருந்த ஜெருசலேம் சபை, அப்புறம் எபியோனியர்கள், இவங்க நம்பிக்கை நம்மளுக்குக் கிட்ட வருதுன்னு. இந்த எபியோனியர்கள் ஈசாவை மஸீஹ்னு நம்புனவங்க, தவ்ராத் சட்டத்த விடாதவங்க, கடவுள்னு சொல்லாதவங்க, பவுலை ஏத்துக்காதவங்க. சிக்கல் என்னன்னா அவங்களப் பத்தி நமக்குத் தெரியறது முக்கால்வாசி அவங்கள எதிர்த்த பிஷப் இரேனியுஸ் மாதிரி ஆளுங்க எழுதுனத வச்சுத்தான்.

இதச் சொன்னதும் தேவகோட்டையான் மடக்குனான்: "அதுல சில பேரு கன்னிப் பிறப்பையே மறுத்தாங்களே, உங்க குர்ஆன் அத ஒத்துக்குதே மாப்ள?" நியாயமான கேள்வி தான். ஆனா அத நம்புன இன்னொரு கூட்டமும் எபியோனியர்ல இருந்துச்சுன்னு பழைய திருச்சபை வரலாறு எழுதுன யூசிபியஸே எழுதிருக்காரு, நான் புடிச்சுட்டு நிக்கிறது அந்தக் கூட்டத்தத் தான்.