சனிக்கிழமைச் சார்

நம் பள்ளியின் புவியியல் ஆசிரியர், நம் சார், காலமான செய்தியை முன்னாள் மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படித்தேன். வகுப்பறைச் சாரைப் பற்றி இந்த மலரில் பலர் எழுதுவார்கள். நான் எழுத விரும்புவது, பினாங்குத் தீவின் தெலுக் பகாங் கரையில் நின்று சனிக்கிழமைதோறும் நமக்குக் கயாக் என்ற சிறு படகைச் செலுத்தக் கற்றுத்தந்த சாரைப் பற்றி. ஆறு மணி வேன், வானத்தையும் காற்றையும் பார்த்து எழுதிய நோட்டில் கையெழுத்து, அதன் பிறகே துடுப்பு. கயாக் குழுவினருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்தக் குடா வடக்கு நோக்கியது. மேற்கு வானத்தை முக்கா ஹெட் மலை மறைத்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா சூறைக்காற்று வருவதோ அதே மேற்கிலிருந்து. இரவில் திரண்டு விடியற்காலையிலோ காலையிலோ கரையைத் தொடும். "மலைக்குப் பின்னால் நடப்பது உனக்கு எப்படித் தெரியும், தம்பி?" என்று சார் ஒவ்வொருவரிடமும் கேட்பார். மீன்பிடிப் படகுகள் அவசரமாகத் திரும்புகின்றனவா? புழுக்கத்தின் நடுவே திடீரென்று குளிர்காற்று படுகிறதா? மலை விளிம்புக்கு மேல் கருமேகம் வளைந்து எழுகிறதா? பதில் நோட்டில் இருக்க வேண்டும். நிலக்காற்று வீசும் காலையில் கரையோரத் தண்ணீர் அசையாமல் கிடப்பதை நம்பக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். போகும்போது முதுகைத் தள்ளும் காற்று, திரும்பும்போது முகத்தில் அறையும்.

பள்ளிகளுக்கிடையிலான போட்டி நாளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிகூட இல்லை. அதாவது, 10 கிலோமீட்டருக்குள் இடிமேகம். சார் படகுகளை மேலே ஏற்றச் சொன்னார். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆக வேண்டும். ஒவ்வொரு உறுமலுக்கும் "மறுபடியும் ஒன்றிலிருந்து!" மற்ற பள்ளிகள் போட்டியை முடித்து, நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கரையேறின. ஒரு துளி மழைகூட விழவில்லை.

"ஒன்றுமே நடக்கவில்லையே, சார்!" என்று நம் தலைவன் அழுதேவிட்டான்.

"இடி கேட்டதா, இல்லையா?" என்றார் சார். அவ்வளவுதான். பெற்றோர் முணுமுணுத்தபோதும் அவர் வேறு சமாதானம் சொல்லவில்லை. அன்று அவர் செய்தது சரி. இன்றும் எனக்கு அதில் துளி சந்தேகமில்லை.

இப்போது ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், ஸ்வான் ஆற்றில் வார இறுதியில் துடுப்புப் போட வருகிறவர்களுக்குக் காற்றைப் பார்க்கச் சொல்லித் தருகிறேன். இங்கே கோடைப் பிற்பகலில் கடற்காற்று பலமாக எழும். கைப்பேசியில் ரேடார் பார்த்துவிட்டு வருகிறவர்களிடமும் முதலில் நோட்டைத்தான் நீட்டுகிறேன். அந்நிய ஊர்ப் பிள்ளைகளுக்கு நம் சாரின் பாடம் முழுதாகக் கிடைக்கிறது. நம் தீவுப் பிள்ளைகளுக்கு இல்லை.

முழங்கால் தளர்ந்த பிறகு சார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சனிக்கிழமையை நீ எடுத்துக்கொள்கிறாயா, தம்பி?" வேலையும் வீட்டுக் கடனும் இங்கே என்னைப் பிடித்து வைத்திருந்தன. அவர் வற்புறுத்தவில்லை. சில மாதங்களில் வேன் நின்றுவிட்டது.

பினாங்கில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விடுமுறையில் வந்து கற்றுத்தர நான் தயார். மற்ற சனிக்கிழமைகளுக்குக் கரையில் நிற்க ஆள் வேண்டும். முன்வருகிறவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.