டியூ லிஸ்ட்டுக்கே வராத வேலைகள்

விமானப் பராமரிப்பில் எந்த வேலைக்கு எத்தனை பறப்பு மணியில் அல்லது எந்தத் தேதியில் கெடு என்று காட்டும் பட்டியல்தான் டியூ லிஸ்ட். அதில் சிவப்பாக நிற்கும் வேலையை யாரும் மறப்பதில்லை. லிஸ்ட்டுக்குள் வராமலே போகிற வேலைதான் சத்தமில்லாமல் கெடுவைத் தாண்டும். அமெரிக்காவில் 2006 ஜூன் முதல் 2007 மார்ச் வரை சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் 46 போயிங் 737 விமானங்கள், உடற்பகுதியில் விரிசல் பார்க்கும் கட்டாயச் சோதனை நடக்காமலே 59,791 முறை பறந்தன. பிறகு சோதித்தபோது ஆறு விமானங்களில் விரிசல் இருந்தது.

முதலில் பறப்பு மணிக் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு பறப்பையும் எழுதும் டெக் லாக் ஏட்டில் உள்ள 1:45 என்பது 1.75 மணி. அதை 1.45 என்று அடித்தால் ஒரு பறப்புக்கு 18 நிமிடம் காணாமல் போகும். நாளுக்கு ஆறு பறப்பு என்றால் 30 நாளில் 54 மணி! மாதக் கடைசியில் டெக் லாக் மொத்தத்தையும் ஆபரேஷன்ஸ் தரும் பிளாக் நேரத்தையும் பக்கம் பக்கமாக வையுங்கள். பிளாக் நேரத்தில் தரையில் ஓடுவதும் சேரும் என்பதால் அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அந்த இடைவெளி ஒரு மாதம் திடீரென்று அகன்றால், டெக் லாகின் ஏதோ ஒரு பக்கம் பதிவாகாமலோ தவறாகப் பதிவாகியோ இருக்கலாம்.

அடுத்தது தேதி. 04/09 என்பது இங்கே செப்டம்பர், அமெரிக்கச் சான்றிதழில் ஏப்ரல். மாதத்தை எழுத்தில்தான் பதிய வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் 3எச்டி வகைக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறையும் 3ஏஏ வகைக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் நீரழுத்தச் சோதனை. சிலிண்டரில் குத்தியிருக்கும் மாதத்திலிருந்து எண்ண வேண்டும். ஸ்டோரில் எட்டு மாதம் கிடந்ததைப் பொருத்திய நாளிலிருந்து எண்ணினால், அந்த எட்டு மாதமும் கணக்கில் விழாது.

கெடுவைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளிச் செய்ய அனுமதிக்கும் சலுகை மணியிலும் இதே கதைதான். 1,000 மணிக்கு ஒருமுறை செய்யும் வேலையை, அனுமதித்த சலுகைக்குள் 1,060இல் முடித்தால் அடுத்த கெடு 2,000; 2,060 அல்ல. மென்பொருள் கடைசியாகச் செய்த மணியோடு இடைவெளியைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுகிறதா என்று ஒரு வேலையை எடுத்துக் கையால் போட்டுப் பாருங்கள்.

இனி, லிஸ்ட்டுக்கு வெளியே தேட வேண்டியவை. அடுத்த கெடு காலியாக உள்ளவை, இடைவெளி பூஜ்யம் என்று இருப்பவை, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய ஏ.டி.யாக (விமானப் போக்குவரத்து ஆணையத்தின் கட்டாயப் பாதுகாப்பு உத்தரவாக) இருந்தும் 'முடிந்தது' என்று மூடப்பட்டவை, 'பொருந்தாது' என்று குறித்தும் காரணம் எழுதாதவை ஆகிய நான்கையும் மாதம் ஒருமுறை தனித்தனியாக எடுங்கள். இவற்றில் நான்காவதில்தான் அதிகம் சிக்கும். வேறு விமானத்திலிருந்து கழற்றிய பாகம் ஏறியதும், நேற்றுவரை பொருந்தாத ஏ.டி. இன்று பொருந்தும். பாகத்தின் சீரியல் நம்பரோடு அதன் மணியும் சைக்கிளும் (ஏறி இறங்கிய எண்ணிக்கையும்) சேர்ந்து வந்தனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பதிந்தவரே சரிபார்க்கக் கூடாது. சரிபார்ப்பவரும் திரையைப் பார்த்து டிக் போடாமல், வேலையைச் செய்தவர் கையெழுத்திட்ட டாஸ்க் கார்டை, அதாவது வேலைத் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு எண்களை ஒப்பிட வேண்டும். ஏ.டி.யும் ஆயுள் வரம்புள்ள பாகங்களும் என்றால் ஒன்றுவிடாமல். மற்றவற்றுக்கு மாதிரி எடுத்தால் போதும்.