வைத்தியமாக ரத்தம் எடுக்கும் காலத்தில் மூன்று மாத சர்க்கரை டெஸ்ட்டை நம்பாதீர்கள்

என் மகனுக்குத் தலசீமியா, அதாவது அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் பிறவி ரத்தநோய். எலும்பு மஜ்ஜை மாற்று நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனால் அதுவரை ஏற்றிய ரத்தத்தில் வந்த இரும்பு உடம்பிலேயே தங்கிவிட்டது. ஒரு யூனிட்டிலேயே 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. கணையத்திலும் படிந்து சர்க்கரை வந்து, இன்சுலின் போடுகிறான். புது மஜ்ஜை நன்றாக வேலை செய்வதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து ஃபெரிட்டினை (சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் எண்) குறைக்கலாம் என்றார்கள். கிலோவுக்கு 6 மில்லி வீதம் அவனுக்கு 300 மில்லி. எடுப்பது சுலபம், சீக்கிரம் முடிந்துவிடும்.

எடுக்க வைப்பதுதான் பாடு. வீட்டுக்குப் பக்கத்து ரத்த வங்கிக்குப் போனால், கவுன்ட்டரில் தானம் கொடுப்பவருக்கான படிவத்தை நீட்டினார்கள். "இன்சுலின் போடுறவங்ககிட்ட எடுக்க மாட்டோம்மா." "தானத்துக்கு வரலைங்க, இது வைத்தியம்" என்றேன். "போன மாசம்தானே எடுத்திருக்கு? ஆம்பளைங்களுக்கு மூணு மாசம் இடைவெளி வேணும்." கையிலிருந்த சீட்டில் வெறும் 'ஃபிளெபாட்டமி' (ரத்தம் எடுப்பது) என்று மட்டும் எழுதியிருந்தது. டாக்டர் வரட்டும் என்று உட்கார வைத்தார்கள். காலையில் இன்சுலின் போட்டுச் சாப்பிட்டவன், மதியச் சாப்பாடு தள்ளிப்போனதில் வியர்த்துக் கொட்டினான். குத்திப் பார்த்தால் 62. சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, ரத்தம் எடுக்காமலேயே கூட்டிவந்தேன். அன்றைய கோபம் இன்னும் ஆறவில்லை.

நீங்கள் போகும்போது கடிதத்தில் இவையெல்லாம் இருக்கட்டும்: நோயின் பெயர், எத்தனை மில்லி, எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஹீமோகுளோபின் எவ்வளவுக்குக் கீழே போனால் எடுக்கக் கூடாது, இது தானம் அல்ல என்ற வரி, டாக்டரின் சீல், போன் நம்பர். அந்தக் கடிதத்தோடு போனபோது அதே கவுன்ட்டரில் மறுபேச்சு இல்லை. சாப்பாட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து சர்க்கரை கிளினிக்கில் காத்திருந்தது. மூன்று மாத சர்க்கரை டெஸ்ட்டான ஹெச்பிஏ1சி 5.8 என்று வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டியூட்டி டாக்டர் "சூப்பர் கன்ட்ரோல்" என்று சொல்லி இன்சுலினைக் குறைத்து எழுதிவிட்டார். என் நோட்டில் சாப்பாட்டுக்குப் பின் 210, 230 என்று வரிசையாக இருக்கிறது. 5.8 என்றால் சராசரி 120 அளவில் இருக்க வேண்டும். காட்டினேன். "வீட்டு மிஷின் அப்படித்தாம்மா காட்டும்" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அன்றே ரத்தநோய் டாக்டரைக் கேட்டேன். சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அத்தனை நாளில் அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்த டெஸ்ட் அளக்கிறது. அடிக்கடி ரத்தம் எடுத்தால் உடம்பில் இளம் அணுக்கள் அதிகமாகிவிடும். சர்க்கரை ஒட்ட அவற்றுக்குப் போதிய நேரம் கிடைத்திருக்காது, அதனால் எண் குறைத்துக் காட்டும் என்றார். ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த காலத்திலும் அந்த டெஸ்ட்டை நம்பக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். பழைய இன்சுலின் அளவையே தொடரச் சொல்லி, ஃப்ரக்டோசமைன் என்ற வேறு டெஸ்ட்டை எழுதிக் கொடுத்தார்.

லேபில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று மறுபடி ஹெச்பிஏ1சி-க்கே பில் போட்டார்கள். ஒன்று இல்லை. ஃப்ரக்டோசமைன் ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையைப் பார்ப்பது, கடைசி இரண்டு மூன்று வாரக் கணக்கு அது. பில்லை மாற்ற வைத்தேன். ஈரலிலும் இரும்பு படிந்தவர்கள் கூடவே ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் பாருங்கள், அது குறைவாக இருந்தால் இந்த எண்ணும் தப்பும். சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும், கையில் ஒட்டும் சென்சாரையும் 14 நாள் வைத்தோம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுவது கோடு போட்ட மாதிரி தெரிந்தது. கடைசியில் இன்சுலினைக் கூட்டத்தான் வேண்டியிருந்தது!

ஒன்று சொல்ல வேண்டும், மிஷினும் முழுக்கச் சரி என்று இல்லை. ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தால் குளுக்கோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். ஸ்ட்ரிப் டப்பாவில் இருக்கும் தாளில் ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) வரம்பு போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி மாத்திரை டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இரும்பை அதிகம் உறிஞ்ச வைக்கும், சில சென்சார்களில் சர்க்கரையையும் கூட்டிக் காட்டும். ரத்தம் எடுத்த பிள்ளையாயிற்றே என்று சொந்தக்காரர்கள் பேரீச்சம்பழமும் மாதுளை ஜூஸும் சத்து டானிக்கும் வாங்கி வருவார்கள். அன்போடுதான் தருகிறார்கள், ஆனாலும் டானிக்கில் இரும்பு இருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். ரத்த வங்கியில் தரும் ஜூஸ் பாக்கெட்டும் அப்படித்தான், சர்க்கரை பார்த்துவிட்டுக் குடிக்கட்டும்.

'ரத்தம் எடுக்கப்படுகிறது, ஹெச்பிஏ1சி-யை வைத்து இன்சுலினை மாற்ற வேண்டாம்' என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, கிளினிக் ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டினேன். போன வாரம் புதிதாக ஒரு டாக்டரம்மா. ஃபைலைத் திறந்து அதைப் படித்துவிட்டு, "ஃப்ரக்டோசமைன் எங்கே?" என்று அவரே கேட்டார்.