மட்டக்களப்பு ஆத்துக்கு ஒரு பழைய பாய்ப்போட் வாங்கின அனுபவம்

குடும்பத்தோட ஆத்தில ஓட ஒரு பாய்ப்போட் வாங்குவம் எண்டு யோசிக்கிற ஆக்களுக்காக எழுதுறன். நாங்க தேடக்குள்ள இங்க இதப்பத்திக் கேக்க ஆளே கிடைக்கல்ல, மீன்பிடி போட் எண்டா கரையில நிக்கிற சின்னப் பொடியனும் விலையில இருந்து எஞ்சின் வரைக்கும் சொல்லுவான், பாய் கட்டி ஓடுறதெல்லாம் எங்கட அப்பாக்கள்ர காலத்தோட குறைஞ்சு போயிட்டு.

முதல் பாக்கப் போனது திருகோணமலைக்கு. அங்க துறைமுகம் நல்ல ஆழம், வெளிநாட்டு பாய்ப்படகெல்லாம் வந்து நிக்கிற இடம், 27 அடி பைபர் போட் ஒண்டு விலைக்குக் கிடந்தது, உள்ளுக்கு படுக்கை, குசினி எல்லாம் இருக்கு, மனிசிக்கும் பிள்ளைகளுக்கும் பாத்த உடனயே பிடிச்சிட்டு. ஆனா கீல், அதாவது போட்டுக்கு அடியில நிரந்தரமா நிக்கிற பாரமான துடுப்பு மாதிரிப் பகுதி, ஒண்டரை மீற்றர் கீழ இறங்குது. நாங்க ஆறு எண்டு சொல்லுற எங்கட வாவி 56 கிலோமீற்றர் நீளம் கிடந்தாலும் ஆழமான இடமே 4 மீற்றர் அளவுதான், கரையோரமெல்லாம் முழங்கால் தண்ணி, பாலமீன்மடு முகத்துவாரம் மழையில்லாத காலத்தில மண் மூடிக் கிடக்கும், அது திறந்து கிடந்தாலும் கல்லடிப் பாலத்துக்குக் கீழால அந்தப் பாய்மரத்தோட வர ஏலாது. அதவிட முக்கியம், வெளிநாட்டுக்காரர் கொண்டு வந்து விட்டிட்டுப் போன போட் எண்டா சுங்கத் தீர்வை கட்டின பேப்பர் இருக்கா எண்டு முதல்லயே கேக்கணும். வித்தவர் அதக் காட்டல்ல, அதோட விட்டிட்டம்.

மறுகாதான் ஜிபி 14 பக்கம் பாத்தம். ஜாக் ஹோல்ட் எண்ட ஆங்கிலேயர் 1949ல வரைஞ்ச 14 அடி போட், பாய், சவள், சின்ன எஞ்சின் மூண்டாலயும் ஓடலாம், நடுவில இருக்கிற சென்டர்போட் பலகைய மேல இழுத்தா 20 சென்ரிமீற்றர் தண்ணியிலயும் மிதக்கும், முழுசா இறக்கினா 1.2 மீற்றர். வெறும் போட் 133 கிலோ, நாலு பேர் தூக்கி கரைக்குக் கொண்டு வரலாம். நம்மட ஆத்துக்கு இதவிடப் பொருத்தமான போட் எனக்குத் தெரிஞ்சு இல்ல. படுத்து எழும்ப இடமில்லத்தான், ஆனா பெரியாக்கள் ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் ரெண்டு பேரும் சோத்துப் பார்சலோட பகல் முழுக்க ஓடித் திரிய அது போதும். கொழும்புப் பக்கம் பாய்ப்போட் ஓடுற ஆக்கள் இருக்காங்க, பழசு அப்பப்ப விலைக்கு வரும், எங்கடது பொல்கொட ஏரிப் பக்கம் ஒரு வீட்டுக் கராஜில தறப்பாள் மூடிக் கிடந்தது.

பாக்கப் போகக்குள்ள வாழைச்சேனையில பைபர் வேலை செய்யிற அண்ணன் ஒராளையும் கூட்டிக்கொண்டு போனன், அவர்ர பஸ் காசும் சாப்பாடும் நான் குடுத்ததில மிச்சம் பிடிச்சது எக்கச்சக்கம். அவர் முதல்ல பாய், பெயின்ற் ஒண்டையும் பாக்கல்ல, சுத்தியல்ப் பிடியால அடியில இருந்து மேல வரைக்கும் தட்டிக்கொண்டே போனார், நல்ல இடத்தில கணீரெண்டு கேக்கும், உள்ளுக்கு பைபர் ஒட்டு விட்டுப்போன இடத்தில சத்தம் செத்துக் கிடக்கும். பாய்மரம் நிக்கிற அடி, பாய்மரத்த ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற பக்கத்து வயர் பூட்டுற தகடு, சுக்கான் மாட்டுற பின்பலகை, இந்த மூண்டும்தான் பாரம் தாங்குற இடம், அங்க ஆணிக்குப் பக்கத்தில வெடிப்பு இருந்தா விலையக் கேக்கவே வேணாம் எண்டார். மறுகா போட்டுக்குள்ள பைப்பால தண்ணி விட்டு சென்டர்போட் பெட்டிக்குக் கீழ கடதாசி பிடிச்சுப் பாத்தார், ஒரு மூலையில நனைஞ்சுது. அந்தக் கசிவச் சொல்லித்தான் விலை குறைஞ்சுது. வயர இறுக்கிப் பிடிச்ச துணியால உருவிப் பாத்தா அறுந்த இழை துணியில மாட்டும், பாய வெயிலில விரிச்சு தையல நகத்தால இழுத்தா நூல் உக்கிப்போனது தெரியும். பாயில இருக்கிற நம்பரும் போட்டில தகட்டில இருக்கிற நம்பரும் ஒண்டா எண்டும் பாருங்க. வித்த அங்கிள் நல்ல மனுசன், எல்லாத்தையும் பொறுமையாப் பாக்க விட்டார், கைப்பட எழுதி சாட்சி வச்சு கையெழுத்தும் போட்டுத் தந்தார்.

லொறியில ஹபரணை, பொலன்னறுவை வழியா ஆரையம்பதிக்கு வந்து சேந்தது. பாய்மரம் போட்ட விட நீளம், அதுக்கு சிவப்புத் துணி கட்டணும்.

போட் வந்த அண்டே அந்தக் கசிவுக்கு ரெசின் (பைபர் ஒட்டுற பசை) அடிப்பம் எண்டு நான் நிண்டன், அண்ணன் விடல்ல. "இப்ப காய விடு தம்பி, அவசரப்படாதகா, கச்சான் அடிக்குது, அது வேலையச் செய்யும்" எண்டார். உண்மைதான், பைபருக்குள்ள ஈரம் இருக்கக்குள்ள மேலால மேட் எண்ட பைபர் விரிப்ப ஒட்டினா கொஞ்ச நாளில கொப்புளிச்சு எழும்பும். கொட்டிலுக்குள்ள கவுத்துப் போட்டு அந்தக் கச்சான் காத்திலயே காய விட்டம். எங்கட வெக்கைக்கு ரெசின் கெதியா இறுகிடும், அதால வெள்ளாப்பில எழும்பி கொஞ்சம் கொஞ்சமா கலந்து இறுக வைக்கிற ஹார்ட்னரையும் குறைச்சுத்தான் விடணும், கையுறை, மாஸ்க் இல்லாம பைபர் தேய்க்கவே வேணாம், பிள்ளைகள அந்தப் பக்கம் விடவும் வேணாம்.

போட்டோட வந்தது ரேஸ் ஓடின பாய், காத்துக் கூடினா சுருக்கிக் கட்ட ஓட்டையில்ல. குடும்பத்தோட போறதுக்கு அந்த ஓட்டை கட்டாயம், ஏனெண்டா காலையில ஆத்துத் தண்ணி எண்ணெய் மாதிரிக் கிடக்கும், வெயில் ஏற ஏற படுவான்கரையில இருந்து கச்சான் குப்பு குப்பெண்டு அடிக்கும். டவுனில தறப்பாள் தைக்கிற கடையில ஒரு வரிசை ஓட்டை வச்சு தடிச்ச துணி குடுத்து தைச்சு எடுத்தம், சோக்கான வேலை.

தண்ணியில இறக்க முதல் மீனவர் சங்கத்து ஆக்களோட போய்க் கதைச்சன். வலை கட்டுற இடம், இறால் கூடு போடுற இடம், தடி ஊண்டிக் கிடக்கிற இடம் எல்லாம் அவங்கதான் கையால காட்டித் தந்தாங்க. ஆறு அவங்கட வயித்துப் பிழைப்பு, நாம ஓடிப் பாக்கப் போறம், வலைய வெட்டிட்டு சொறி சொல்ல ஏலாது. கரையோரம் முதலை நிக்கிற பக்கத்தையும் அவங்களே சொன்னாங்க. லைஃப் ஜாக்கெட் போடாம எங்கட போட்டில ஒருத்தரும் ஏறுறதில்ல, நீந்தத் தெரிஞ்ச நானும்தான்.

இப்ப மண்முனைப் பாலத்துக்கும் கல்லடிப் பாலத்துக்கும் இடையில ஓடுறம். அலுமினியப் பாய்மரம் எண்டதால கரண்ட் வயர் போற பக்கமே போறதில்ல. மகளுக்கு சுக்கான் பிடிக்கத் தெரியும், மகன் முன்பாய்க் கயித்த விடமாட்டான், மனிசிக்கு பூம் (பாய்க்குக் கீழ கிடக்கிற தடி) கிறுகக்குள்ள குனியிறது பழகிட்டு. வாடை தொடங்க முதல் பக்கத்து வயர் ரெண்டையும் மாத்தணும், பழச நம்பி இன்னொரு வருசம் ஓட மனமில்ல. மட்டக்களப்பிலயோ அம்பாறைப் பக்கத்திலயோ ஆரும் இப்பிடி ஒண்டு வாங்க யோசிச்சா முதல்ல வந்து எங்கடதத் தட்டிப் பாருங்க, நல்ல பைபர்ர சத்தமும் கெட்ட பைபர்ர சத்தமும் ரெண்டும் இதில கேக்கலாம்.