பதிவேட்டில் பஸ் ஓடியது, ஊருக்குள் வரவில்லை

"தங்கள் கிராமத்திற்கு ஏற்கெனவே பேருந்து வசதி உள்ளது." 2022-இல் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு வந்த பதில் இந்த ஒரு வரிதான். என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பி, கண்மாய்க்கரையோடு மூன்று கிலோமீட்டர் நடந்து, மெயின் ரோட்டில் பஸ் ஏறுவாள். பதிலைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊராட்சி செயலர்தான் விஷயத்தைப் புரியவைத்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வருவாய் கிராமத்துக்குத்தான் கணக்கு. எங்களுடையது அதன் உட்கடை, அதாவது அதில் அடங்கிய சிற்றூர். எங்கள் தலைகளும் தாய்க்கிராமத்தின் தொகையில் கரைந்துவிட்டன. அங்கே ரோட்டோரத்தில் பஸ் நிற்கிறது, ஆகவே எங்களுக்கும் பஸ் உண்டு என்று பதிவு. ஒரு வசதி கிராமத்திலேயே இல்லை என்றால்தான் 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10-க்குள்ளா, அதற்கு மேலா என்று தூரம் குறிப்பார்கள். பஸ் உண்டு என்று பதிவாகிவிட்டதால், எங்கள் பிள்ளைகள் நடக்கும் மூன்று கிலோமீட்டருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பஸ் கேட்டு மனு எழுதுகிறவர்கள், உங்கள் ஊர் அதில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நாங்கள் பார்க்காமல் போய் ஒரு மனுவை வீணாக்கினோம்.

பிறகு தலையை நாங்களே எண்ணினோம். மகளிர் குழுவில் ஐந்து பேர், இரண்டு சாயங்காலம், வீடு வீடாக ரேஷன் கார்டைப் பார்த்து நோட்டில் எழுதினோம். வீடு 138, ஆள் 561. பள்ளிக்கூடம் போகிறவர்கள், கர்ப்பிணிகள், மாதாமாதம் பெரியாஸ்பத்திரியில் சுகர் மாத்திரை வாங்குகிறவர்கள் என்று தனித்தனியாகக் கோடு போட்டோம். திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் பெயரும் கார்டில் இருந்தது. "அதையும் எழுதிக்கங்கக்கா, கூடத்தானே செய்யும்" என்றாள் ஒருத்தி. வேண்டாம் என்றேன். ஒரு பெயர் தப்பு என்று தெரிந்தால் மொத்த நோட்டையும் தள்ளிவிடுவார்கள்.

மினி பஸ் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்றார்கள் சிலர். டவுன் பஸ்தான் வேண்டும் என்று பெண்கள் நின்றோம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் எங்களுக்குப் பயணம் இலவசம். ரோட்டுக்குப் போய்வர ஷேர் ஆட்டோவுக்கே நாற்பது ரூபாய் அழும் பூக்கார அத்தைக்கு இது எவ்வளவு பெரிய காசு!

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். "பேருந்து வசதி வேண்டும்" என்று மொட்டையாக எழுதப் போனார்கள். எந்தத் தடத்தை, எங்கிருந்து எதுவரை நீட்டிக்க வேண்டும், எந்த நேரத்துக்கு என்று எழுதவைத்தோம். தீர்மான நகல், நோட்டின் ஜெராக்ஸ், பழைய மனு எண் எல்லாம் சேர்த்து அடுத்த திங்கள் மறுபடி மனு.

நவம்பரில் டிப்போவிலிருந்து காலி பஸ்ஸோடு வந்து தடம் பார்த்தார்கள். ஓடைப் பாலத்தில் சக்கரத்துக்கும் கட்டைச்சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. டிரைவர் இறங்கி, குனிந்து, கையை விரித்து அளந்தார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. "மெதுவா வந்துரலாம்மா" என்றார். சீமைக்கருவேலங்கிளை கண்ணாடியில் அடிக்கும், பஸ் திரும்ப இடமில்லை என்று இரண்டு குறை சொன்னார்கள். கருவேலத்தை மூன்று நாளில் வெட்டினோம். நெல் காயப்போடும் கோயில் பொட்டலை பஸ் திரும்ப விட்டுக்கொடுக்கப் பெரியவர்கள் சம்மதிப்பதற்கு மட்டும் ஒரு மாதம் ஆனது.

2023 பிப்ரவரியில் முதல் நடை வந்தது. காலை 7.40, மாலை 5.10. இப்போது மகள் ஏழரைக்குத்தான் வீட்டை விட்டு இறங்குகிறாள். மதியம் நடை கிடையாது; பதினொரு மணிக்கே மாத்திரை வாங்கிவிடும் வயசானவர்கள் சாயங்காலம் வரை பஸ் ஸ்டாண்டுத் திண்ணையில் காத்திருக்கிறார்கள். அவர்கள் பெயரையெல்லாம் எழுதி, மதிய நடை கேட்டு இன்னொரு மனு கொடுத்திருக்கிறோம்.