மூணு தடவை கரண்ட் போய் வந்தா பல்புக்கு எல்லாம் மறந்துடும்

ராத்திரி ஒன்றரை மணி. போன கரண்ட் வந்ததும் அணைத்து வைத்திருந்த ஸ்மார்ட் பல்பு கல்யாண மண்டபம் மாதிரி எரியும். போனில் அணைக்கலாம் என்றால் ரூட்டர் எழுந்து வரவே இரண்டு நிமிஷம் ஆகும். அதற்குள் மாமா எழுந்து, நாலு திட்டு திட்டி, சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுப் படுத்திருப்பார். பேயெல்லாம் இல்லை. கரண்ட் வந்தால் எரிய வேண்டும் என்றுதான் பெரும்பாலான பல்புகளில் முதலிலேயே செட் பண்ணி விற்கிறார்கள். ஆப்பில் அந்த பல்பின் செட்டிங்ஸுக்குள் போய், கரண்ட் வந்தால் கடைசியாக இருந்த நிலைக்கே திரும்பும்படி மாற்றினால் போதும்.

இன்னொரு கூத்து மழை நாளில் நடக்கும். பல்பில் ரீசெட் பட்டன் வைக்க இடமில்லை. அதனால் சுவிட்சைச் சட்டுசட்டென்று மூணு தடவை (சிலதில் ஐந்து) போட்டு அணைத்தால் ரீசெட் ஆகும்படி செய்திருக்கிறார்கள். கம்பியில் மரக்கிளை உரசி கரண்ட் விட்டுவிட்டு வந்தாலும் பல்புக்கு அதே கணக்குதான். வைஃபையை மறந்துவிட்டுப் படபடவென்று சிமிட்ட ஆரம்பிக்கும். சில மாடல்கள் பாஸ்வேர்டு இல்லாத ஒரு வைஃபையைத் தாமே திறந்து வைத்துக்கொண்டு யாராவது வருவார்களா என்று காத்திருக்கும். பக்கத்து ஃபிளாட் பையன் முந்திக்கொண்டால் உங்கள் ஹால் விளக்கு அவன் கையில்.

திரும்பச் சேர்க்கும்போது மாட்டுகிற இடம் ஒன்றுதான். மலிவு பல்புகளுக்கும் பிளக்குகளுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். ரூட்டர் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கும் அதே பெயர் இருந்தால் சில ஆப்கள் குழம்பும். ஐந்து நிமிஷம் 5-ஐ அணைத்துவிட்டுச் சேர்க்கலாம். வீட்டு வைஃபையில் சேர்ப்பதைவிட கெஸ்ட் வைஃபையில் (விருந்தாளிகளுக்கென்று ரூட்டர் தனியாகத் தருவது) சேர்ப்பது உத்தமம். பல்பை எவனாவது பிடித்தாலும் லேப்டாப் பக்கம் வர முடியாது. டிவியை மட்டும் அங்கே தள்ளாதீர்கள், போனிலிருந்து காஸ்ட் ஆகாது.

மாமா விஷயத்துக்கு வருவோம். "இத்தனை லைட்டு எதுக்குக் கண்ண சிமிட்டுது?" என்று படுக்கப் போகும்போது ரூட்டரையும் கேமராவையும் அணைத்துவிடுவார். பத்து வாட் ரூட்டர் தினம் எட்டு மணி நேரம் அணைந்திருந்தால் மாசத்துக்கு 2.4 யூனிட்தான் மிச்சம். ஆனால் அவர் கை ஒரு நல்லதும் செய்கிறது. 2016-ல் பரவிய மிராய் வைரஸ், 'அட்மின்', '12345' போல கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டுகள் அறுபதுக்கு மேல் வைத்துக்கொண்டு கேமராவாகத் தட்டிப் பார்த்தது. பிடித்த கேமராக்களையெல்லாம் திரட்டி, அந்த வருஷம் அக்டோபர் 21 அன்று வெப்சைட் பெயரைச் சொன்னால் அது இருக்கும் முகவரியைக் காட்டும் டின் என்ற நிறுவனத்தின் மேல் ஏவினார்கள். அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் திறக்கவில்லை. அது கரண்ட் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகத்தில் மட்டும் குடியிருந்த வைரஸ். அணைத்துப் போட்டால் செத்தது! பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால், காலையில் போட்ட சில நிமிஷத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். அதனால் கேமராவுக்கு வேறெங்கும் போடாத பாஸ்வேர்டு ஒன்று போடுங்கள். ரூட்டரில் யூபிஎன்பியை அணையுங்கள். நம்மைக் கேட்காமலே வெளியிலிருந்து கேமராவுக்கு வழி திறந்துவிடுவது அதுதான்.

கெடுதலும் உண்டு. ரூட்டர்கள் பலதும் அப்டேட்டை விடியற்காலை இரண்டு, மூணு மணிக்கு வைத்திருக்கும். மாமா அணைத்த ரூட்டருக்கு அது எந்த நாளும் வராது. தெரிந்த ஓட்டை அப்படியே கிடக்கும். அவரிடம் வாதாடி ஜெயித்தவர் இல்லை. பிரவுசரில் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் (முகவரி பெரும்பாலும் 192.168.1.1) அப்டேட் நேரத்தை மத்தியானம் மூணுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத ரூட்டரில் மாசம் ஒரு தடவை நீங்களே அப்டேட் பட்டனை அமுக்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் வேண்டாம். ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகி அத்தையின் சீரியல் பாதியில் நின்றால், அதற்கு எந்த செட்டிங்கும் கிடையாது.