முகத்தை மறைத்தார்கள், பேட்ஜை விட்டுவிட்டார்கள்

ராத்திரி ஒன்பதரைக்கு அக்கா போன். "ஏல தம்பி, டிவியில நம்ம பய வாரான். கத்திக்குத்தப் பாத்தேன்னு சொல்லுதான்."

தாராவியில் எங்கள் சந்து முனையில் முந்தின நாள் நடந்த சண்டை அது. பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்கா மகனிடம் ஒரு ஹிந்தி சேனல் நிருபர் மைக்கை நீட்டியிருக்கிறார். பதினாலு வயசு, கேமராவைக் கண்ட குஷியில் பார்த்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டான். முகம், பெயர், சட்டைப் பையில் பள்ளி பேட்ஜ், எல்லாம் ஊர் பார்க்க. குத்தியவனின் கூட்டாளிகள் அடுத்த சந்தில்தான் இருக்கிறார்கள்.

நிருபரைத் தேடிப்போய்க் கெஞ்சியதுதான் நான் செய்த முதல் தப்பு. "பையன் தானாகத்தானே பேசினான்?" என்றார். எனக்கு வாயடைத்துப்போனது.

மாட்டுங்காவில் தெரிந்த வக்கீல் அண்ணாச்சியிடம் போனேன். நான் எழுதிவைத்திருந்த ரெண்டு பக்கப் புலம்பலைப் படித்துவிட்டு மடித்துத் தந்தார். "அழுது எழுதாதல. பிரிவு நம்பரப் போட்டு எழுது." 2015-ஆம் வருடச் சிறார் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவு. குற்றத்துக்குச் சாட்சியான பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறெந்த விவரத்தையும் பத்திரிகையோ டிவியோ வெளியிடக் கூடாது. பையன் சம்மதித்தான் என்ற கதையே அங்கே எடுபடாது. பிள்ளையின் நலனுக்காக என்று காரணம் எழுதி அனுமதிக்க வேண்டியது சிறார் நீதி வாரியமோ குழந்தைகள் நலக் குழுவோதான். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேச்சோடு பேச்சாக அண்ணாச்சி நக்கீரன் பத்திரிகை வழக்கையும் இழுத்தார்: கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடும் விவகாரத்தில் 1994-ல் உச்ச நீதிமன்றம் பத்திரிகை பக்கம்தான் நின்றது, ஆனால் 'என்னைத் தனியே விடு' என்று சொல்லும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று அழுத்திச் சொன்னதும் அதே தீர்ப்புதானாம்.

சேனலின் வலைத்தளத்தில் கடைசியில், எறும்பு எழுத்தில், குறைதீர்ப்பு அதிகாரியின் மெயில் இருந்தது. தேதி, நேரம், நிகழ்ச்சி, எத்தனையாவது நிமிடம் என்று குறித்து, படத்தோடு அனுப்பினேன். 2021-இல் கேபிள் டிவி விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி 24 மணி நேரத்துக்குள் ரசீது, 15 நாளுக்குள் முடிவு தர வேண்டும். ரசீது மறுநாளே வந்தது.

பதினோராம் நாள் பதில்: "முகம் மறைக்கப்பட்டது." வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முகத்தில் புகைமூட்டம். அதற்கு ஒரு ஜாண் கீழே பேட்ஜ், பள்ளிப் பெயர் எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குத் தெளிவு. செய்தி வாசிப்பவர் வேறு பையன் பெயரை ரெண்டு தடவை சொல்கிறார். அந்தக் காட்சியில் பேட்ஜைச் சிவப்பில் வட்டமிட்டு அடுத்த மெயில். சேனல்கள் ஒளிபரப்பை 90 நாள் வைத்திருக்க வேண்டும், அந்தப் பதிவை அழிக்காதீர்கள், சரிசெய்யாவிட்டால் 15 நாளுக்குள் சேனல்களே சேர்ந்து வைத்திருக்கும் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பில் மேல்முறையீடு என்று எழுதினேன்.

நாலாம் நாள் வீடியோவையே தூக்கிவிட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. வாட்ஸ்அப்பில் போனது போனதுதான்.

அக்கா இப்போது பேட்ஜைப் பிரித்தெடுத்து ஊக்கு மாட்டிக் கொடுக்கிறாள். பள்ளி கேட்டுக்கு உள்ளே போனபிறகுதான் அவன் அதைக் குத்திக்கொள்கிறான்.